டிஜிட்டல் வெல்பீயிங்: போனிலேயே பிழைப்பு நடத்துகிறவர்களுக்கு உதவுமா?

போனில் எவ்வளவு நேரம் போகிறது என்று காட்டி, அதைக் குறைக்கவும் உதவுகிற வசதி டிஜிட்டல் வெல்பீயிங். ஆண்ட்ராய்டு போன் செட்டிங்ஸில் இருக்கிற இதை 2018-இல் கூகுள் கொண்டுவந்தது. காசு கிடையாது. என்னிடம் துணி கொடுக்க வருகிற பெண்களிடம் கேட்டால் "அப்படி ஒண்ணு இருக்கா?" என்கிறார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

நான் திண்டுக்கல்லில் வீட்டிலேயே பிளவுஸ் தைக்கிறேன், ஆரி வேலையும் உண்டு. "போனை ஓரமா வை" என்று சொல்கிறவர்கள் என் பிழைப்பைப் பார்த்ததில்லை. கழுத்து டிசைன் முழுக்க வருவது இன்ஸ்டாகிராமில்தான். "அக்கா, பேக் நெக் இதே மாதிரி வேணும், நாட் மட்டும் வேற" என்று ஒரு ரீல்ஸ் லிங்க் வரும். கழுத்தைப் பார்க்கப் போனால் அடுத்து மணப்பெண் மேக்கப், அடுத்து யாரோ வீட்டு வளைகாப்பு, அதற்கடுத்து அண்டாவில் பிரியாணி. மெஷினில் ஊசி துணியைக் குத்தியபடியே நிற்கும்.

டிஜிட்டல் வெல்பீயிங்கைத் திறந்ததும் ஒரு வட்டம் வரும். எந்த ஆப்புக்கு எவ்வளவு நேரம் போனது, எத்தனை தடவை போனை அன்லாக் செய்தோம் என்று காட்டும். எனக்கு உறைத்தது இந்த இரண்டாவது கணக்குதான். மணி பார்க்க எடுத்தது, சும்மா எடுத்தது எல்லாமே அதில் ஏறியிருக்கும்.

எல்லோரும் புகழ்கிற ஆப் டைமர் எனக்கு ஒத்துவரவில்லை. இன்ஸ்டாகிராமுக்கு அரை மணி நேரம் என்று வைத்தால், அது முடிந்ததும் ஐகான் மங்கிவிடும், ஆப் திறக்காது. வேலைக்காகப் பார்த்ததா, பொழுதுபோக்கப் பார்த்ததா என்று அதற்குத் தெரியாது. சாயங்காலம் வருகிற லிங்க்கை எப்படித் திறப்பது? இன்னொன்று, நள்ளிரவு 12 மணிக்குக் கணக்கு புதிதாகத் தொடங்கும். முகூர்த்த நாள் நெருக்கத்தில் கொக்கி கட்டிக்கொண்டு விழித்திருக்கிறவளுக்கு அந்த நேரத்தில் புதுசாக அரை மணி நேரம் கையில் கொடுத்தால் என்ன ஆகும்? குரோமில் போனால் இன்ஸ்டாகிராம் அங்கேயும் திறக்கும், அது வேறு.

ஃபோகஸ் மோடுதான் நான் வைத்துக்கொண்டது. எந்தெந்த ஆப் வேண்டாம் என்று நாமே குறித்து, நேரமும் போட்டுவிடலாம். காலை 10 முதல் மதியம் 2 வரை, வெட்டும் வேலை நேரத்தில், இன்ஸ்டாகிராம், யூடியூப், ஃபேஸ்புக் மூன்றும் தூங்கும்; அவற்றின் நோட்டிஃபிகேஷனும் வராது. வாட்ஸப்பும் அழைப்பும் வழக்கம்போல. அவசரமாக டிசைன் பார்க்க வேண்டுமென்றால் 5, 15, 30 நிமிடம் என்று இடைவேளை எடுக்கலாம். ஒரு கழுத்தைப் பார்க்க 5 நிமிடம் தாராளம். நேரம் முடிந்தால் அதுவே மூடிக்கொள்ளும், நான் மனதைக் கல்லாக்கிக்கொள்ள வேண்டியதில்லை. போனில் தொழில் செய்கிறவர்கள் இதிலிருந்து தொடங்குங்கள் என்பேன்.

இரவுக்கு பெட்டைம் மோடு. திரை கறுப்பு வெள்ளையாகிவிடும். நிறமில்லாத ரீல்ஸைப் பார்த்திருக்கிறீர்களா? சப்பென்று இருக்கும், கை தானாக போனை வைத்துவிடும். ஆனால் பத்தரை மணிக்கு ஒருத்தி சேலை போட்டோ அனுப்பி "லைனிங் என்ன கலர் எடுக்கட்டும்?" என்றால், ராமர் பச்சையும் மயில்கழுத்தும் எனக்கு ஒரே சாம்பல்தான். இப்போது "காலையில சொல்றேன்மா" என்று எழுதிவிடுகிறேன். யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. நிறம் கட்டாயம் வேண்டுமென்றால் அந்த கறுப்பு வெள்ளையை மட்டும் தனியாக அணைத்துவிடலாம்.

பிள்ளைகளைக் கட்டுப்படுத்த இது போதாது. நாம் வைத்ததை அவர்களே செட்டிங்ஸில் போய் எடுத்துவிடுவார்கள். அதற்கு கூகுளின் ஃபேமிலி லிங்க் ஆப் இருக்கிறது, பிள்ளையின் போனைப் பெற்றோர் போனிலிருந்தே பூட்டலாம். சாப்பாடு, தூக்கம், படிப்பு எல்லாம் கெட்டு கேமிலேயே கிடக்கிற பிள்ளை என்றால் எந்த ஆப்பையும் நம்பி உட்காராதீர்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416-இல் இலவசமாகப் பேசலாம், தமிழிலேயே பேசுவார்கள். பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் இந்த மாதிரி போன், கேம் பழக்கத்துக்கென்றே 2014 முதல் ஷட் கிளினிக் நடக்கிறது.

என் கணக்கில் ஐந்துக்கு மூன்றரை. ஃபோகஸ் மோடுக்கு மட்டும் தனியாகப் போடச் சொன்னால் நாலரை. செட்டிங்ஸில் தேடும்போது பல போன்களில் "பெற்றோர் கட்டுப்பாடு" என்பதோடு சேர்த்தே போட்டிருப்பார்கள், நமக்கில்லை என்று தாண்டிப் போய்விடாதீர்கள்.