அச்சில் உள்ளபடியா, வாய்க்கு வந்தபடியா?

குழந்தைக்குக் கதைப் புத்தகம் வாசித்துக் காட்ட உட்கார்ந்தால் முதல் பக்கத்திலேயே ஒரு குழப்பம் வரும். "யானை மெல்ல நடந்து குளத்திற்குச் சென்றது" என்று அச்சடித்திருக்கும். வீட்டில் யார் இப்படிப் பேசுகிறோம்? "யானை மெதுவா நடந்து கொளத்துக்குப் போச்சு" என்று மாற்றிச் சொல்வதா, இருப்பதை அப்படியே வாசிப்பதா? என் மகளிடம் இரண்டையும் செய்து பார்த்துவிட்டேன்.

இரண்டு வயதில் மாற்றிச் சொல்வதுதான் எடுபட்டது. படத்தைத் தொட்டுத் தொட்டு, "வால் எங்க? இப்ப யானை என்ன பண்ணுது?" என்று கேட்டால் அவளும் ஏதாவது சொல்வாள். அமெரிக்க உளவியலாளர் வைட்ஹர்ஸ்ட் குழுவினர் 1988-இல் வெளியிட்ட ஆய்வும் இதைப் பற்றித்தான். இரண்டு வயதை ஒட்டிய குழந்தைகளிடம் பெற்றோர் இப்படிக் கேள்வி கேட்டுக் கேட்டுப் படப் புத்தகம் வாசித்தார்கள். ஒரே மாதத்தில் அந்தக் குழந்தைகளின் பேச்சு மற்றவர்களைவிட முன்னேறியிருந்தது.

ஆனால் இந்த வழியில் என் சரக்கு சீக்கிரம் தீர்ந்துவிடும். போச்சு, வந்துச்சு, சாப்ட்டுச்சு. பத்து வினைச்சொல்லில் எல்லாக் கதையும் முடிந்துவிடும். அதோடு நேற்றுச் சொன்னது இன்றைக்கு வராது. "நேத்து அப்படிச் சொல்லல" என்று பஞ்சாயத்து தொடங்கும்.

நான் செய்த தப்பு, நாலு வயது தாண்டியும் இதையே தொடர்ந்தது. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கியவள் ஒருநாள் "செ-ன்-ற-து" என்று சரியாகவே படித்துவிட்டு, "சென்றதுன்னா யாரு?" என்று கேட்டாள். ஏதோ மிருகத்தின் பெயர் என்று நினைத்திருக்கிறாள்! அதுவரை அந்தச் சொல் அவள் காதில் விழுந்ததே இல்லை. எங்கே விழும்? வீட்டிலும் தெருவிலும் பேச்சுத் தமிழ்தான். ஒன்றாம் வகுப்புப் புத்தகம் மட்டும் எழுத்துத் தமிழில் வந்து நிற்கும்.

அதன்பின் வழியை மாற்றினேன். முதலில் அச்சில் உள்ள வரி, உடனே பேச்சில் ஒரு தடவை. அதே புத்தகம் நாலைந்து முறை ஓடியதும் பேச்சு வரியை விட்டுவிடுவேன். சில வாரங்களில் பொம்மைக்குப் போர்த்திவிட்டு, "பொம்மை உறங்கியது" என்றாள். அந்த 'உறங்கியது' என் வாயிலிருந்து போனதல்ல, புத்தகத்திலிருந்து போனது. என் தீர்ப்பு இதுதான்: மூன்று வயது வரை மாற்றிச் சொல்லலாம், அப்புறம் மெல்ல மெல்ல அச்சுக்கு வந்துவிட வேண்டும்.

ஆனால் வாங்குமுன் கடையிலேயே ஒரு பக்கத்தை வாய்விட்டு வாசித்துப் பாருங்கள். சில மொழிபெயர்ப்புகளில் வினைச்சொல் வருவதற்குள் நமக்கே மூச்சு வாங்கிவிடும். வாங்காமலும் பார்க்கலாம்: பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் இலவசம், நான்கு நிலைகளாகப் பிரித்திருப்பார்கள். முதல் நிலையில் பக்கத்துக்கு ஓரிரு சின்ன வரிகள்தான். சென்னையின் தூலிகா பதிப்பகம் தமிழும் ஆங்கிலமும் சேர்ந்த இருமொழிப் புத்தகங்கள் போடுகிறது. எங்கள் வீட்டில் ஆங்கில வரிகளை யாரும் சீண்டுவதில்லை, அது வேறு கதை.

புத்தகமே இல்லாமல் பாட்டி சொல்லும் கதையை இந்தப் போட்டியில் சேர்ப்பது நியாயமில்லை. அதில் எழுத்து கிடையாது, ஆனால் 'உம்' உண்டு. 'உம்' கொட்டுவது நின்றால் பாட்டியும் நிறுத்திவிடுவார். "எங்க விட்டேன், சொல்லு" என்பார். கைபேசி வீடியோ 'உம்' கொட்டினாலும் கொட்டாவிட்டாலும் ஓடிக்கொண்டே இருக்கும். 18 மாதத்துக்குக் கீழே வீடியோ அழைப்பு தவிரத் திரையே வேண்டாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் சொல்கிறது. பெரிய பிள்ளைகளுக்கும் நான் அதைக் கடைசியில்தான் வைப்பேன்.

எனக்கே கண் சொருகும் இரவுகளில் மட்டும் விளக்கை அணைத்துவிட்டு வாய்க்கு வந்த கதைதான். அதற்கு மகளிடம் ஒரே நிபந்தனை: நரி சாகக் கூடாது.