முழுக்கையா, கையில்லாததா, ஸ்விம்ஸ்கின்னா?

வெட்சூட் என்ற ரப்பர் நீச்சல் உடை குளிருக்கு என்றுதான் பலருக்கும் எண்ணம். நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் அடுத்தடுத்து முடிக்கும் டிரையத்லான் ஆட்களுக்கு அது காலுக்காக. குப்புற நீந்தும்போது காற்று நிறைந்த நெஞ்சு மிதக்கும். இடுப்பும் தொடையும் அமிழும். சாய்ந்த உடம்பைத் தண்ணீர் பின்னுக்கு இழுக்கும். வெட்சூட்டின் நுரை ரப்பரான நியோப்ரீனுக்குள் அடைபட்ட நுண்குமிழ்கள் இடுப்பைத் தூக்கிவிட, உடம்பு நேராகிறது. இதற்கென்றே தனி வெட்சூட்டை 1987இல் குயின்டானா ரூ என்ற பெயரில் கொண்டுவந்தவர் டான் எம்ஃபீல்ட்.

முழுக்கை வெட்சூட்டில் நெஞ்சிலும் தொடையிலும் ரப்பர் தடிமனாக இருக்கும். விதிப்படி 5 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. தோளில் பெரும்பாலும் 1.5, 2 மில்லிமீட்டர்தான். ஒவ்வொரு கைவீச்சிலும் அந்த ரப்பரை இழுத்து நீட்டுவது உங்கள் தோள் என்பதால் இந்த ஏற்பாடு. கை முழுக்க வழவழப்பான ரப்பர் என்பதால் தண்ணீரும் எளிதாக வழுக்கிப் போகும். ‘தோள் பிடிக்குது’ என்று கையில்லாததற்கு மாறுகிறவர்களில் பலருக்கு, குறை உடையில் இல்லை, போட்ட விதத்தில்தான். பாதத்தில் ஒரு பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு காலை நுழையுங்கள். கணுக்காலிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏற்றுங்கள். தொடையிடுக்கில் இடைவெளி விட்டால் அங்கிருந்தே தோளை இழுக்கும். அக்குளில் ரப்பர் ஒட்டிக்கொள்ளும்வரை கையையும் இப்படியே ஏற்றுங்கள். விரல் நுனியால் கிள்ளி இழுக்காதீர்கள். என் முதல் வெட்சூட்டின் தொடையில் பிறைபிறையாக நகக்கீறல்.

கையில்லாததில் தோளுக்கு விடுதலை, விலையும் குறைவு, சைக்கிளுக்கு ஓடும்போது கழற்றுவதும் சுலபம். ஆனால் அக்குள் வழியாகத் தண்ணீர் உள்ளே புகும். சரியான அளவில் கிடைத்தால் நான் முழுக்கைக்கே வாக்களிப்பேன். நல்ல நீச்சல்காரருக்கு இடுப்பு ஏற்கெனவே மேலேதான் இருக்கும். அதிக மிதப்பில் கால் தண்ணீருக்கு வெளியே அடிக்கும். அவர்கள் தொடைப் பகுதியில் ரப்பர் மெலிந்த வெட்சூட்டைத் தேடலாம்.

ஸ்விம்ஸ்கின் வேறு ஜாதி. வெறும் துணி, மேலே நீர் ஒட்டாத பூச்சு. மிதப்பு தராது. மூன்று பிரிவுக்கும் ஒன்றாகப் போடும் டிரைசூட் என்ற உடையின் பைகளையும் மடிப்புகளையும் மூடி வழவழப்பாக்கும், அவ்வளவே. தண்ணீர் வெதுவெதுப்பாக இருப்பதால் வெட்சூட்டுக்கு இடமில்லாத ஹவாயின் கோனா டிரையத்லான் அதன் களம். அயர்ன்மேன் என்ற நெடுந்தூர டிரையத்லான் தொடரின் விதியில் வயதுப் பிரிவினருக்கு, அதாவது தொழில்முறை அல்லாதவர்களுக்கு, தண்ணீர் 24.5 டிகிரி செல்சியஸ்வரை வெட்சூட் உண்டு; அதற்கு மேல் 28.8வரை போடலாம், பரிசு கிடையாது.

கோவாவில் நடக்கும் பாதித் தூர அயர்ன்மேனான 70.3 மட்டுமே உங்கள் இலக்கு என்றால் வெட்சூட்டுக்குக் காசு போடாதீர்கள். அந்த வெதுவெதுப்பான கடலுக்கு டிரைசூட்டே போதும்.