மரை போனதை மறைத்த பட்டறை: ஆயில் மாற்றப் போய் நான் பட்ட பாடு

நம்ம கன்னியாகுமரி மாவட்டத்தில் கார் வைத்திருப்பவர்கள், அதிலும் என்னைப் போல கம்பெனி சர்வீஸ் சென்டர் பில்லுக்குப் பயந்து ரோட்டோரப் பட்டறையில் ஆயில் மாற்றுகிறவர்கள், இதை ஒருமுறை படித்துவிடுங்கள். பட்டறையின் பெயரைப் போடவில்லை, ஏன் என்று பின்னால் சொல்கிறேன். தக்கலையைத் தாண்டி மார்த்தாண்டம் போகிற வழியில் எங்கோ என்று வைத்துக்கொள்ளுங்கள்.

என் வண்டி பத்து வருஷம் ஓடின சின்ன பெட்ரோல் கார். ஜூன் முதல் வாரம், இடவப்பாதி மழை பிடித்த சமயம், ஆயிலும் ஃபில்டரும் மாற்றக் கொண்டுபோனேன். முக்கால் மணி நேர வேலை. நான் டீ குடித்துக்கொண்டு நின்றேன். கடைசியில் அடியில் ஆயில் வடிக்கிற பிளக்கைத் திரும்ப மாட்டும்போது அங்கிருந்த சின்னப் பையன் வீல் நட்டு கழற்றுகிற ஏர் கன்னைக் கொண்டுபோய் வண்டிக்கு அடியில் வைத்து டர்ர்ரென்று ஒரு இழுப்பு இழுத்தான். எனக்கு அந்தச் சத்தம் நன்றாக நினைவிருக்கிறது. அப்போது எனக்கு அது தப்பாகத் தெரியவில்லை, இறுக்கமாகத்தானே போடுகிறான் என்று நினைத்தேன்.

தெரியாதவர்களுக்கு: இஞ்சினுக்கு அடியில் ஆயில் தேங்கி நிற்கிற தொட்டிதான் சம்ப். அதன் அடியில் ஆயில் வடிப்பதற்கென்று ஒரு போல்ட் இருக்கும், டிரெய்ன் பிளக் என்பார்கள். அது திருகிப் பிடித்து நிற்கிற சுருள் வெட்டுதான் மரை. என் வண்டியில் சம்ப் அலுமினியம், பிளக் இரும்பு. இறுக்கிப் பிடித்தால் எது தோற்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. சின்னக் கார்களில் இந்த பிளக்குக்குப் பெரும்பாலும் 30 முதல் 40 நியூட்டன் மீட்டர்தான் இறுக்க வேண்டிய அளவு. ஒரு சாண் நீள ஸ்பானரின் நுனியில் 15 கிலோ எடைக்கு அழுத்தினால் அந்த அளவு வந்துவிடும். ஏர் கன் அதைப் போலப் பல மடங்கு கொடுக்கும். ஆயில் கசியாமல் தடுப்பது இறுக்கமே இல்லை, பிளக்குக்குக் கீழே இருக்கிற வாஷர். செம்பிலோ அலுமினியத்திலோ இருக்கும், இறுக்கும்போது நசுங்கி இடைவெளியை அடைக்கும். ஒவ்வொரு தடவையும் புதிது போட வேண்டியது. சில பத்து ரூபாய் சாமான். அதை மாற்றாமல் பழையதையே போட்டுவிட்டு, கசியக்கூடாது என்று ஓங்கி இறுக்குவார்கள். முக்கால்வாசி மரை போவது இப்படித்தான் என்று பிறகு ஒருவர் சொன்னார், அவரைப் பற்றி அப்புறம்.

இரண்டு நாள் கழித்து முற்றத்தில், மழைத் தண்ணீர் தேங்கின இடத்தில், வானவில் கலரில் படலம். பார்த்தது அம்மைதான். "எண்ணெ ஒழுகுதுலே" என்றாள். அட்டை ஒன்றை வண்டிக்கு அடியில் போட்டு வைத்தேன், காலையில் உள்ளங்கை அகலத்துக்குக் கருப்பாகி இருந்தது.

திரும்பப் பட்டறைக்குப் போனேன். முதலாளி படுத்துப் பார்த்தார், ஸ்பானர் வைத்துத் திருப்பினார். பிளக் பிடிக்காமல் சும்மா சுற்றுகிறது. எழுந்து வந்து கையைத் துடைத்துக்கொண்டே, "இது முன்னாடியே மரை போன வண்டி சாரே, நாங்க கை வைக்கும்போதே லூஸாத்தான் இருந்து" என்றார். முன்னாடியே போயிருந்தால் அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அதற்குப் பதில் இல்லை. "வண்டிய விட்டுட்டுப் போங்க, ஹெலிகாயில் போட்டுத் தாறேன், பிறகு ஆயுசுக்கும் பிரச்சினை இல்ல" என்றார்.

சரி என்று விட்டுவிட்டு வந்தேன். ஹெலிகாயில் என்றால் என்ன என்று அன்று ராத்திரிதான் தேடிப் படித்தேன். போன மரையை டிரில் போட்டு எடுத்துவிட்டு, அதற்கென்று இருக்கிற தனிக் கருவியால் கொஞ்சம் பெரிய மரை வெட்டி, உள்ளே ஸ்டெயின்லெஸ் கம்பிச் சுருள் ஒன்றைத் திருகி இறக்குவார்கள், அந்தச் சுருளின் உள்பக்கம் பழைய அளவு மரையாக நிற்கும், பழைய பிளக்கே போடலாம். நல்ல முறைதான். படித்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன்.

இரண்டாம் நாள் வண்டி வந்தது. 2,200 ரூபாய். பில் கேட்டதற்கு, சிகரெட் அட்டையைக் கிழித்து அதன் பின்னால் "ஹெலி 2200" என்று பென்சிலில் எழுதிக் கொடுத்தார். கடைப் பெயர் இல்லை, தேதி இல்லை, வண்டி நம்பர் இல்லை. நானும் அதை வாங்கிப் பர்ஸில் வைத்துக்கொண்டு வந்தேன். கேட்கக் கூச்சம். மரை கழண்டது வண்டிக்கு மட்டும் இல்லை போல.

முதலில் ஒரு சொட்டு இல்லை. முதல் வாரம் தினமும் அட்டையைப் பார்த்தேன், பிறகு விட்டுவிட்டேன். ஆயில் அளவு காட்டுகிற கம்பியான டிப்ஸ்டிக்கை ஒருநாள்கூட இழுத்துப் பார்க்கவில்லை. இது என் தப்பு, ஒத்துக்கொள்கிறேன்.

ஜூலையில் அம்மையைக் கண் ஆஸ்பத்திரிக்குக் காட்ட திருநெல்வேலிக்குக் கிளம்பினோம். நாகர்கோவிலைத் தாண்டி, ஆரல்வாய்மொழியும் கடந்து, முப்பந்தல் பக்கம் வரும்போது மீட்டரில் சிவப்பாக அந்த எண்ணெய்க் கிண்டி விளக்கு எரிந்தது. முதலில் விட்டு விட்டு மினுங்கியது, அப்புறம் நின்று எரிந்தது. உடனே ஓரம் கட்டி இஞ்சினை அணைத்தேன். நான் அன்று உருப்படியாகச் செய்த ஒரே காரியம் அதுதான். நிறையப் பேர் நினைக்கிற மாதிரி அது ஆயில் குறைகிறது என்று முன்கூட்டிச் சொல்கிற விளக்கு இல்லை. பெரும்பாலான வண்டிகளில் ஆயில் பிரஷர் ஏறக்குறைய இல்லாமல் போன பிறகுதான் அது எரியும். அடுத்த பெட்ரோல் பங்க் வரைக்கும் ஓட்டிப் பார்ப்போம் என்று போனால் பேரிங் எல்லாம் உலர்ந்து உரசி இஞ்சின் பிடித்துக்கொள்ளும். அதோடு கதை முடிந்தது.

அந்த ஊர்க் காற்று தெரியுமே. ஆனி ஆடியில் காரின் கதவைத் திறந்தால் கையோடு பிடுங்கிக்கொண்டு போகும், சும்மாவா அங்கே அத்தனை காற்றாடி வைத்திருக்கிறார்கள். அம்மையைக் கொண்டுபோய் இசக்கியம்மன் கோயில் நடையில் உட்கார வைத்துவிட்டு அத்தானுக்குப் போன் போட்டேன். அவர் ஒரு மினி லாரிக்காரரைக் கூட்டிக்கொண்டு வருவதற்கு ஒன்றரை மணி நேரம். அன்றைய டோக்கன் போனது, அம்மை அங்கே இருந்தபடியே பட்டறைக்காரரை இசக்கியிடம் ஒப்படைத்தாள். அதன் பலனை நான் இன்னும் பார்க்கவில்லை.

அத்தான் வண்டியை நேராக நாகர்கோவிலில் அவருக்குத் தெரிந்த மெக்கானிக்கிடம் இறக்கினார். அவர் தொட்டுப் பார்த்துவிட்டு, "இது லேத்துக்குப் போற வேலை" என்று கோட்டாறு பக்கம் லேத் பட்டறை வைத்திருக்கிற ஒரு பெரியவரை வரவழைத்தார். எழுபது வயது இருக்கும். அவர் குனிந்து ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ஆரு மக்ளே இத இப்படி செய்து வச்சது?" என்றார்.

ஹெலிகாயிலும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. பிளக்கைச் சுற்றி வெளியில் எம்-சீல் அப்பி, அதன் மேல் கிரீஸைப் பூசிக் கருப்பாக்கி வைத்திருக்கிறார்கள். எம்-சீலை நகத்தால் பெயர்க்கவே கட்டியாக வந்துவிட்டது. எண்ணெய்ப் பிசுக்கு மேல் எந்தப் பசையும் பிடிக்காது, போதாததற்கு அலுமினியம் சூட்டில் இரும்பைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும், அதனால் ஒவ்வொரு தடவை இஞ்சின் சூடாகி ஆறும்போதும் அந்த ஒட்டு கொஞ்சம் கொஞ்சமாக விட்டிருக்கிறது. பிளக்கை ஸ்பானர் இல்லாமல் விரலால் கழற்றினார் பெரியவர். வடிந்த ஆயில் ஒரு லிட்டர்கூட இல்லை. மூன்று லிட்டருக்கு மேல் இருக்க வேண்டிய வண்டி.

பிளக்கைத் துடைத்துக் காட்டினார். மரையில் முழுக்க வெள்ளை டெஃப்லான் டேப், நம்ம வீட்டுக் குழாய்க்குச் சுற்றுவோமே அதுதான், ஏழெட்டுச் சுற்று. அதைப் பிரித்தால் உள்ளே மரைப் பள்ளத்தில் வெள்ளிக் கம்பி சுற்றினது போல அலுமினியம். சம்ப்பின் மரை அப்படியே உரிந்து பிளக்கோடு வந்திருக்கிறது. "இது லூஸா இருந்து போன மரை இல்ல, பலமா இறுக்கி உரிஞ்சது" என்றார் பெரியவர்.

அதோடு முடியவில்லை. சம்ப்பைக் கழற்றினால், ஆயிலை பம்ப் உறிஞ்சுகிற இடத்தில் ஒரு சல்லடை இருக்கிறது, அதில் இடியாப்பத் துண்டு மாதிரி டேப் பிசிறுகள் ஒட்டிக்கொண்டு கிடந்தன. ஆயில் குறைந்தது பாதிக் காரணம், இருக்கிற ஆயிலும் உள்ளே ஏறாமல் இந்தப் பிசிறு அடைத்தது மீதிப் பாதி. மெக்கானிக் ஒரு பேரிங் கேப்பைக் கழற்றிப் பார்த்தார். லேசான கோடுகள், ஓடுகிற நிலையில் இருக்கிறது. இன்னும் ஐந்து கிலோமீட்டர் ஓட்டியிருந்தால் இஞ்சினின் நடுத்தண்டான கிராங்க்கே போயிருக்கும் என்றார்.

இனி என்ன செய்வது என்று கேட்டபோது பெரியவர் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது, அதனால் இங்கே போடுகிறேன். கடையில் ஓவர்சைஸ் பிளக் கிடைக்கும், தானே மரை வெட்டிக்கொண்டு ஏறும், அவசரத்துக்கு ஊர் போய்ச் சேரலாம், ஆனால் நேராக ஏறாவிட்டால் சம்ப்பே விரிசல் விடும், ஒவ்வொரு ஆயில் மாற்றத்துக்கும் கழற்றிக் கழற்றி மாட்டினால் அதுவும் உரியும். ஓட்டையைப் பெரிதாக்கி அடுத்த அளவு மரை போடலாம், சுவர் கனமாக இருந்தால் மட்டும். ஹெலிகாயில் பலமானது, ஆனால் கம்பிச் சுருளின் இடுக்கு வழியாகச் சில நேரம் ஆயில் மெல்ல வெளியே வரும், மரைப் பசை சரியாகப் போட வேண்டும். கெட்டியான இரும்பு புஷ், அதாவது குட்டிக் குழல் மாதிரி ஒன்றைக் கடைந்து, வெளியிலும் உள்ளிலும் மரை வெட்டி, பசை போட்டு இறக்குவது அதைவிட நல்லது. எல்லாவற்றையும் விட நல்லது புதுச் சம்ப். "எது செய்தாலும் சம்ப்பக் கழட்டிச் செய்யணும் மக்ளே. வண்டியில வச்சே டிரில் போட்டா அந்தத் துருவல் எங்க போகும்? உனக்க இஞ்சினுக்குள்ளதான்" என்றார்.

புதுச் சம்ப் வர ஒரு வாரம் ஆகும் என்றதால் புஷ் போட்டோம். சம்ப் கையில் இருந்ததால் உள்பக்கத்தில் இருந்து விளிம்பு வைத்த புஷ், எவ்வளவு இழுத்தாலும் வெளியே வராது. கடைசிக் கொஞ்சம் ஆயில் அந்த விளிம்பைத் தாண்டி வடியாது, அதனால் ஒன்றும் கெட்டுப்போகாது என்றார். லேத் வேலை 900, மெக்கானிக் கூலி 3,000, ஆயில் ஃபில்டர் புது பிளக் வாஷர் எல்லாம் 2,100, மினி லாரி 1,800. முதலில் ஆயில் மாற்றினதும் அந்த 2,200-ம் தனி. சம்ப்பை ஒட்டின சிலிக்கான் பசை காய வேண்டும் என்று ஒரு ராத்திரி வண்டியைத் தொட விடவில்லை. இறுக்கும்போது மெக்கானிக் அளவு பார்த்து இறுக்குகிற டார்க் ரெஞ்ச் எடுத்து வைத்தார், டக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான்.

பழைய பிளக்கையும் சிகரெட் அட்டையையும் எடுத்துக்கொண்டு முதல் பட்டறைக்குப் போனேன். முதலாளி பிளக்கைக் கையில்கூட வாங்கவில்லை. "நாங்க போட்டது ஹெலிகாயிலுதான். நீங்க எங்கயோ கொண்டுபோய்க் கழட்டி எதையோ எடுத்துட்டு வந்தா நான் என்ன செய்ய?" என்றார். எனக்கு வாயடைத்துப்போனது. கழற்றும்போது வீடியோ எடுக்கத் தோன்றவே இல்லை. நாகர்கோவிலிலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது, இரண்டு வருஷத்துக்குள் புகார் கொடுக்கலாம், கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் கட்டணமும் கிடையாது, 1915-க்குப் போன் போட்டும் சொல்லலாம். எல்லாம் சரி, ஆனால் என் கையில் என்ன இருக்கிறது? கடைப் பெயர் இல்லாத ஒரு சிகரெட் அட்டை. இதை வைத்துக்கொண்டு பொதுவில் பெயரைப் போட்டால் நாளைக்கு நான்தான் பதில் சொல்ல வேண்டும்.

அதனால்தான் சொல்கிறேன், பில்லில் கடைப் பெயரும் வண்டி நம்பரும் செய்த வேலையும் எழுதி வாங்குங்கள், முகம் சுளித்தாலும் பரவாயில்லை. மரை போய்விட்டது என்று சொன்னால் அங்கேயே பிளக்கைக் கழற்றிக் காட்டச் சொல்லி போட்டோ எடுங்கள். ஹெலிகாயில் போட்டேன் என்றால் பிளக்கை மாட்டுவதற்கு முன்னால் உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள், கம்பிச் சுருள் பளபளவென்று கண்ணுக்குத் தெரியும், தெரியாவிட்டால் போடவில்லை. ஏர் கன்னை வண்டிக்கு அடியில் கொண்டுபோனால் தயங்காமல் சத்தம் போடுங்கள்.

அன்றைக்கு முதல் பட்டறையில் இருந்து நான் வெளியே வந்து வண்டியை எடுக்கும்போது அந்தப் பையன் பின்னாலேயே ஓடி வந்தான். "அண்ணே, கன் வச்சு இறுக்குனது நான்தான். டேப்பு சுத்துனதும் நான்தான், அண்ணன் சொன்னாரு, சுத்துனேன்" என்றான். பதினேழு பதினெட்டு வயது இருக்கும். யாராவது அவனுக்கு ஒரு டார்க் ரெஞ்சைக் காட்டியிருப்பார்களா என்பதே சந்தேகம். பெயர் போடாததற்கு அதுவும் ஒரு காரணம், பெயர் வந்தால் முதலில் வேலை போவது அவனுக்குத்தான்.

வண்டி இப்போது 1,400 கிலோமீட்டர் ஓடிவிட்டது. அம்மையைத் திருநெல்வேலிக்குக் கூட்டிக்கொண்டு போய் வந்தாயிற்று. ஞாயிற்றுக்கிழமைதோறும் டிப்ஸ்டிக் பார்க்கிறேன், அளவு அப்படியே நிற்கிறது. முற்றத்தில் போட்ட அட்டையை மட்டும் இன்னும் எடுக்க மனசு வரவில்லை.