சீக்குக்கோழிக்கு எது துணை: கைமருந்தா, கடைமருந்தா, கால்நடை மருந்தகமா?

காலையில் பஞ்சாரத்தைத் தூக்கியதும் மற்ற கோழிகள் குப்பைமேட்டை நோக்கி ஓட, ஒன்று மட்டும் இறகைச் சிலிர்த்துக்கொண்டு கண்மூடி நின்றால் என்ன செய்வது? அடுக்களைச் சரக்கை அரைத்துக் கைமருந்து கொடுக்கலாம். மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிக் கரைத்து ஊற்றலாம். கூடையில் வைத்துக் கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டு போகலாம். சாவதற்குள் அறுத்துக் குழம்பு வைத்துவிடுவது நான்காவது வழி. பல வீடுகளில் முதல் வழியும் அதுதான். இவற்றில் எது சிறந்தது என்று பொதுவாகக் கேட்டால் விடை கிடைக்காது. எந்த நோய் என்பதைப் பொறுத்து வழிகளின் தரவரிசை தலைகீழாக மாறிவிடுகிறது என்பதே என் கருத்து.

எந்த வழியைத் தேர்ந்தாலும் முதல் ஒரு மணி நேரத்து வேலை ஒன்றுதான். கோழியைத் தனியே பிரித்து, காற்றும் ஈரமும் படாத இடத்தில் உலர்ந்த சாக்கின் மேல் விட வேண்டும். கோழியின் இயல்பான உடல்வெப்பமே ஏறக்குறைய 41 டிகிரி செல்சியஸ் என்பதால், தொட்டுப் பார்த்துச் சூடாக இருக்கிறது என்று காய்ச்சல் மாத்திரை கொடுப்பது தவறு. கழிச்சல் கண்ட கோழி நோயால் சாவதற்கு முன்பே நீர் வற்றிச் சாகக்கூடும். ஆகவே தண்ணீர் முக்கியம். அதற்காக அலகைப் பிளந்து மடமடவென்று ஊற்றிவிடக் கூடாது. நாக்கின் அடிப்பகுதிக்குப் பின்னால் ஒரு சிறு பிளவு திறந்து மூடுவதைப் பார்க்கலாம். அதுதான் மூச்சுக்குழலின் வாய். அதற்குள் நீர் இறங்கினால் கோழி மூச்சுத் திணறி இறந்துவிடும். அலகின் ஓரத்தில் சொட்டுச் சொட்டாக விட்டு, அது தானாக விழுங்கும்வரை பொறுத்திருக்க வேண்டும்.

அடுத்ததாக எச்சத்தைப் பார்க்க வேண்டும். பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து, மூச்சு வாங்கி, ஓரிரு நாளில் கழுத்து திருகிக்கொண்டால் அது பெரும்பாலும் வெள்ளைக்கழிச்சல், அதாவது ராணிக்கெட் நோய். 1920-களின் பிற்பகுதியில் இமயமலைப் பகுதியில் உள்ள ராணிக்கெட் என்ற ஊரில் கண்டறியப்பட்டதால் இந்தியாவில் அப்பெயர் நிலைத்தது. இது வைரஸ் நோய்; குணப்படுத்தும் மருந்து எந்தக் கடையிலும் இல்லை. இங்கே மூன்று வழிகளும் ஏறத்தாழ ஒரே எல்லையில் வந்து நின்றுவிடுகின்றன. கீழாநெல்லி, சீரகம், மிளகு, மஞ்சள், பூண்டு, சின்ன வெங்காயம் ஆகியவற்றை அரைத்து உருட்டிக் கொடுக்கும் மூலிகை மருந்தைத் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் மரபுசார் மருத்துவப் பிரிவே பரிந்துரைத்து வந்திருக்கிறது. தொடக்க நிலையில், தீனி எடுக்கும் கோழிக்கு அது துணைசெய்யும் என்பதை ஏற்கிறேன். கழுத்து திருகிய கோழியை அது மீட்கும் என்று எதிர்பார்ப்பது அந்த மருந்துக்கே நியாயமாகாது. மருத்துவரும் இந்த நிலையில் சத்து மருந்தும், பின்தொடரும் பாக்டீரியா தொற்றுக்கு மருந்தும்தான் தர முடியும்.

எனவே வெள்ளைக்கழிச்சலைப் பொறுத்தவரை கால்நடை மருந்தகத்தின் உண்மையான பயன் நோய் வந்த பிறகு கிடைப்பதில்லை. குஞ்சு பொரித்த முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ விடும் லசோட்டா என்ற தடுப்புச் சொட்டு மருந்து, எட்டாவது வாரத்தில் இறக்கைக்கு அடியில் போடும் தடுப்பூசி, தமிழ்நாட்டில் ஆண்டுதோறும் பிப்ரவரியில் இலவசமாக நடக்கும் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாம் ஆகியவையே அந்தப் பயன். கரைத்த தடுப்பு மருந்தைக் குளிர் குறையாமல் சில மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். ஒரு குப்பியில் இருப்பதோ ஆறு கோழி வைத்திருப்பவரின் தேவையைப் போலப் பல மடங்கு. தெருவில் உள்ள நாலைந்து வீடுகள் சேர்ந்து ஒரே நாளில் போட்டுக்கொள்வதுதான் இதற்கு வழி. நோய் ஏற்கெனவே நுழைந்துவிட்ட கூட்டில், வாடி நிற்கும் கோழிக்குத் தடுப்பூசி போட்டால் பயனில்லை. அதன் சாவை அது விரைவுபடுத்தவும் கூடும்.

எச்சத்தில் இரத்தம் தெரிந்தால் நிலைமை முற்றிலும் வேறு. குஞ்சுகளையே அதிகம் தாக்கும் இரத்தக்கழிச்சல், ஈரத் தரையில் பெருகும் ஓரணு ஒட்டுண்ணியால் வருவது. இங்கே கைமருந்தை நம்பிக் காத்திருப்பதைவிடக் கடைமருந்தே மேல். ஆம்ப்ரோலியம் என்ற தூளைக் குறித்த அளவில் குடிநீரில் கலந்து உரிய நேரத்தில் கொடுத்தால் பெரும்பாலான குஞ்சுகளைக் காப்பாற்றிவிடலாம். அந்த மருந்து ஒட்டுண்ணிக்குத் தயமின் என்ற பி-1 வைட்டமின் கிடைக்காதபடி தடுத்தே வேலை செய்கிறது. சத்துக்காக என்று அதனுடன் பி-காம்ப்ளக்ஸ் சொட்டையும் சேர்த்துக் கொடுப்பவர்கள், அறியாமலே மருந்தின் பலனைக் குறைத்துவிடுகிறார்கள். தரையில் ஈரமான உமியை அள்ளிவிட்டு உலர்ந்ததைப் பரப்பாவிட்டால் நோய் திரும்ப வரும்.

அம்மையில் கைமருந்து முன்னுக்கு வருகிறது. கொண்டையிலும் தாடியிலும் கண்ணோரத்திலும் மருக்கள் போல எழும்பும் இந்த வைரஸ் நோயைக் கொசுக்கள் பரப்புகின்றன. தோலோடு நிற்கும் வகை சில வாரங்களில் தானாகவே காய்ந்து உதிரும். மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைத்துக் கண்ணில் படாமல் தடவி, கண் மூடிக்கொண்ட கோழிக்குத் தீனியை அலகருகே வைத்து ஊட்டினால் அதுவே போதிய மருத்துவம். பொருக்கைப் பிய்த்து எடுக்கக் கூடாது. வாய்க்குள் வெள்ளைப் படலம் படிந்து மூச்சுவிடத் திணறினால் மட்டும் மருத்துவரிடம் கொண்டு போக வேண்டும்.

கடைமருந்தைப் பற்றி நான் கடுமையாகவே சொல்ல விரும்புகிறேன். ஆன்டிபயாட்டிக் மாத்திரையை, குறிப்பாக மனிதருக்கான டெட்ராசைக்ளின் கேப்சூலைப் பிரித்து நீரில் கரைத்து ஊற்றும் வழக்கம் ஊரெங்கும் இருக்கிறது. முகம் வீங்கி, மூக்கில் நாற்றமடிக்கும் சளி வடியும் கொரைசா என்ற நோய் பாக்டீரியாவால் வருவது என்பதால் சில வேளை அதற்குக் கேட்கும். அந்த ஒரு வெற்றியைப் பார்த்துத்தான் எல்லாச் சீக்குக்கும் அதே கேப்சூல் பிரிக்கப்படுகிறது. வைரஸ் நோயை அது தொடுவதே இல்லை. அளவு தெரியாமல் இரண்டு நாள் கொடுத்து நிறுத்துவதால் மருந்துக்கு அடங்காத கிருமிகள் வளர்கின்றன. முட்டையிடும் கோழியாக இருந்தால் மருந்தின் எச்சம் முட்டை வழியாகக் குழந்தைகளின் தட்டுக்கும் வருகிறது. உணவுக்காக வளர்க்கும் விலங்குகளில் கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாட்டிக் மருந்தை ஒன்றிய அரசு 2019-இல் தடை செய்ததற்குப் பின்னணி இந்த அச்சம்தான். ஆன்டிபயாட்டிக் தேவைப்படும் நோய்கள் உண்டு. எது, எத்தனை நாள், எத்தனை நாள் முட்டையைத் தவிர்ப்பது என்பதை முடிவு செய்ய வேண்டியவர் கால்நடை மருத்துவர்.

ஒரு கோழிக்காகக் கால்நடை மருந்தகம் போவதற்கு ஆட்டோக் கூலி கட்டுப்படியாகாது என்று சொல்வோரின் கணக்கை நான் குறைத்து மதிக்கவில்லை. ஆனால் கூடையில் போவது ஒரு கோழி, அதனால் பிழைப்பது கூட்டில் மிஞ்சியுள்ள கோழிகள். செத்த கோழிகூட அங்கே பயன்படும். பாலித்தீன் பையில் இறுக்கிக் கட்டிப் பனிக்கட்டியில் வைத்து விரைவில் சேர்த்தால், பரிசோதனையில் நோய் இன்னதென்று தெரிந்துவிடும், மற்றவற்றுக்கு என்ன கொடுப்பது என்ற ஊகம் தேவைப்படாது. நடமாடும் கால்நடை மருத்துவ வாகனத்துக்கான 1962 என்ற எண்ணை அழைத்து விசாரிப்பதற்குச் செலவும் இல்லை.

மிஞ்சுவது அறுத்துவிடும் வழி. மீள முடியாத கோழியின் துன்பத்தை முடித்துவிடுவது கருணையே, அதில் எனக்கு மறுப்பில்லை. அதைச் சமைப்பதையும், நல்ல விலை வருமென்று அவசரமாகச் சந்தைக்குக் கொண்டு போவதையும் ஏற்க முடியவில்லை. சீக்குக்கோழி சந்தைக்குப் போனால் நோய் அடுத்த ஊருக்குப் போகிறது. 2006-இல் மகாராஷ்டிரத்தின் நவாப்பூரில் பறவைக்காய்ச்சல் வெளிப்பட்டதிலிருந்து அந்த நோய் இந்தியாவில் அவ்வப்போது தலைகாட்டி வருகிறது. திடீரென்று பல கோழிகள் ஒன்றாகச் செத்தால் அவற்றை வெறுங்கையால் தொடாமல், இறகு பறிக்காமல், உடனே கால்நடை மருந்தகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். தனியாக ஒன்று செத்து, பரிசோதனைக்கும் அனுப்பவில்லையென்றால், நாய் தோண்டாத ஆழத்தில் சுண்ணாம்பு தூவிப் புதைக்க வேண்டும். அது கிடந்த சாக்கை எரித்துவிட்டு, தண்ணீர்ச் சட்டியைக் கழுவி வெயிலில் காய வைத்த பிறகே மற்றக் கோழிகளுக்குப் பயன்படுத்த வேண்டும்.