முழங்கை வலி: ஒத்தடமா, அல்ட்ராசவுண்டா?

கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் தேயிலையில் நாளெல்லாம் கத்தரி பிடிக்கிறவர்களுக்கு முழங்கையின் வெளிப்பக்கம் வலி பிடித்துக்கொள்ளும். முதலில் தைலம், அடுத்து வெந்நீர் ஒத்தடம், அதற்கும் அடங்காவிட்டால் பஸ் ஏறிப் போய் 'கரண்ட்' வைத்துக்கொள்வது. அந்தக் கரண்ட் பல சமயம் அல்ட்ராசவுண்ட்தான். உடம்புக்குள் இறங்குவது மின்சாரம் இல்லை, ஒலி. மின்சாரம் பட்டதும் கருவியின் தலையிலுள்ள படிகம் நொடிக்குப் பத்து லட்சம் அல்லது முப்பது லட்சம் தடவை அதிரும்.

ஒத்தடத்தின் சூடு ஒரு சென்டிமீட்டருக்குக் கீழே அதிகம் போகாது. 1 மெகாஹெர்ட்ஸ், அதாவது நொடிக்குப் பத்து லட்சம் அதிர்வுள்ள ஒலி, 3 முதல் 5 சென்டிமீட்டர் வரை இறங்கும். 3 மெகாஹெர்ட்ஸ் ஒன்றிரண்டு சென்டிமீட்டரிலேயே அடங்கிவிடும், ஆனால் ஏறத்தாழ மூன்று மடங்கு வேகமாகச் சூடேற்றும். கொழுப்பு இந்த ஒலியை அவ்வளவாக வாங்காது, தசையை எலும்போடு பிணைக்கும் தசைநாண் நன்றாக வாங்கும். எனவே கத்தரி பிடிக்கும் முழங்கைக்கு 3, கேத்தியில் கேரட் மூட்டை தூக்குகிறவரின் இடுப்புக்கு 1. எல்லாருக்கும் ஒரே எண்ணை வைத்து ஐந்து நிமிடம் தேய்த்து அனுப்புவதைப் பார்த்தால் மனசு கேட்பதில்லை. கூலியை விட்டுவிட்டு வருகிறார்கள்.

இடையில் காற்று இருந்தால் ஒலி அப்படியே திரும்பிவிடும், ஆகவே ஜெல் கட்டாயம். ஊட்டிக் குளிரில் பாட்டிலைக் கொஞ்சம் வெந்நீரில் வைத்தெடுப்பது நல்லது. தேய்க்கும் இடம் கருவித் தலையின் அளவைப்போல இரண்டு மடங்குக்குள் இருக்க வேண்டும். முதுகு முழுக்க இழுத்தால் எங்கேயும் சூடு ஏறாது. கருவியில் சந்தேகமா? அதன் தலையை நிமிர்த்தி, சில சொட்டுத் தண்ணீர் விட்டு ஒரு கணம் ஓட்டிப் பாருங்கள். தண்ணீர் துள்ள வேண்டும்.

சரி, எது மேல்? போலிச் சிகிச்சையோடு (கருவியை ஒலி இல்லாமல் சும்மா தேய்ப்பது) ஒப்பிட்ட பல ஆய்வுகளில் அல்ட்ராசவுண்ட் பெரிதாக முந்தவில்லை. தோள் தசைநாணில் சுண்ணாம்பு படிந்தவர்களுக்கு 1999இல் வந்த ஓர் ஆய்வு நல்ல பலன் காட்டியது. ஒன்பது மாதத்தில் வலியில் அந்த வித்தியாசம் மங்கிவிட்டது.

அதனால் முழங்கைக்கு என் ஓட்டு பயிற்சிக்குத்தான்: சின்ன எடையைப் பிடித்து மணிக்கட்டை மெதுவாக இறக்குவது, அதுவும் தினமும். அல்ட்ராசவுண்ட் வைத்துக்கொண்டால் சூடு ஆறும் முன்பே தசைநாணை நீட்டிவிடுங்கள், சில நிமிடங்கள்தான் அவகாசம். பஸ் செலவு கட்டுப்படியாகாதவர்களுக்கு ஒத்தடமும் பயிற்சியும் போதும், அதில் குறை ஒன்றும் இல்லை.

கர்ப்பிணியின் வயிறு, புற்றுக்கட்டி, கண், ரத்தம் உறைந்த கால் ஆகியவற்றில் அல்ட்ராசவுண்ட் வைக்கவே கூடாது. சர்க்கரையால் மரத்துப்போன பாதத்துக்கு ஒத்தடமும் வேண்டாம், சுட்டாலும் தெரியாது.