எட்டு முடித்தா, பத்து முடித்தா? மகனோடு சிங்கப்பூருக்குக் குடிபெயர்ந்த கணக்கு

என் கணவர் சிங்கப்பூர்க்காரர். வேலைக்குச் சென்னை வந்தவர், கல்யாணம், குழந்தை என்று அங்கேயே தங்கிவிட்டார். 2010-இல் மகன் பிறந்த கையோடு அப்பா வழியில் அவனுக்குச் சிங்கப்பூர்க் குடியுரிமையைப் பதிந்துவிட்டோம். மாமனாருக்கு உடம்பு முடியாமல் போனதும் திரும்புவது என்று முடிவானது. எப்போது என்பதில்தான் வீடு இரண்டாகப் பிரிந்தது. “பத்தாவது பப்ளிக் எக்ஸாமை முடிச்சிட்டுப் போங்களேன்” என்றார் அம்மா. எட்டாவது முடிந்ததும் கிளம்பிவிட வேண்டும் என்றார் கணவர். அன்று நான் அம்மா பக்கம். இன்று, அவன் இங்கே உயர்நிலை மூன்றில் (நம் ஒன்பதாம் வகுப்பு மாதிரி) உட்கார்ந்திருக்கும்போது, முழுக்கக் கணவர் பக்கம்.

அம்மா சொன்னதிலும் நியாயம் உண்டு. கையில் ஒரு சான்றிதழ் இருக்கும். கூடப் படித்தவர்களோடு ஒரு கட்டம் முடியும். போன இடம் ஒத்துவராவிட்டால் திரும்பி வந்து பதினொன்றில் சேர்த்துவிடலாம். வாடகை, வெயில், சாப்பாடு எல்லாம் எப்போது போனாலும் ஒன்றுதான்; அதைப் பேச ஒன்றுமில்லை.

கணக்கை மாற்றியது பள்ளி வாசல். வெளிநாட்டிலிருந்து திரும்பும் சிங்கப்பூர்ப் பிள்ளைகளுக்கு ‘ஸ்பெர்ஸ்’ என்று ஒரு தேர்வு இருக்கிறது. ஆண்டின் பிற்பகுதியில் நடக்கும். அதை வைத்து அடுத்த ஜனவரியில் இடம் தருவார்கள். அந்த இடம் உயர்நிலை 1 முதல் 3 வரைதான். நான்காம் ஆண்டு பொதுத்தேர்வு ஆண்டு, அதில் நடுவில் நுழைய முடியாது. அதோடு மூன்று, நான்காம் ஆண்டுகளில் படிக்கப்போகும் பாடங்களை இரண்டாம் ஆண்டு முடிவிலேயே தேர்ந்தெடுத்துவிடுகிறார்கள்.

இதை எங்கள் மகனுக்குப் போட்டுப் பாருங்கள். அவன் 2026 மார்ச்சில் பத்தாவது முடித்திருந்தால், அந்த வருடக் கடைசியில் தேர்வெழுதி 2027 ஜனவரியில் அதிகபட்சம் உயர்நிலை மூன்றில் சேரலாம். அதுவும் இடம் கொடுத்தால். பத்தாவது சான்றிதழைப் பெட்டியில் வைத்துக்கொண்டு, தன்னைவிட இரண்டு வயது சின்னவர்களோடு உட்கார வேண்டும். எந்தச் சான்றிதழுக்காகக் காத்திருக்கச் சொன்னார்களோ, அது இந்தப் பாதையில் அவனை ஒரு படிகூட ஏற்றாது. அடுத்த கட்டமான தொடக்கக் கல்லூரிக்கு (ஜூனியர் காலேஜ்) இடம் கிடைப்பது பெரும்பாலும் இங்கே எழுதும் தேர்வை வைத்துத்தான். இதுவரை ஓ லெவல். 2027 முதல் அதன் இடத்தில் ஒரே உயர்நிலைக் கல்விச் சான்றிதழ் தேர்வு வருகிறது. என் மகன் அதன் முதல் அணியில் எழுதுகிறான்.

பையன் என்பதால் தேசிய சேவையும், அதாவது ராணுவம் போன்ற கட்டாயப் பணியும், உண்டு. 18 வயதானால் இரண்டு வருடம். தொடக்கக் கல்லூரியோ பலதுறைத் தொழிற்கல்லூரியோ (பாலிடெக்னிக்) முடிக்கும்வரை பொதுவாகத் தள்ளிப்போடலாம். பல்கலைக்கழகப் படிப்பைக் காரணம் காட்டித் தள்ளிப்போட முடியாது. 13 வயதுக்குமேல் நீண்ட நாள் வெளிநாட்டிலிருந்தால் அனுமதி வாங்க வேண்டும் என்பதால் அதுவரை கண்ணுக்குத் தெரியாத விஷயம் காகிதமாக வீட்டுக்கு வந்தது. பெரும்பாலோருக்கு முதல் பயிற்சி முகாம் தெக்கோங் தீவில். கணவர் அப்போது சொன்னது எனக்கு உறைத்தது: “தெக்கோங் தீவுல இறங்கும்போது அவனுக்குத் தெரிஞ்ச நாலு முகமாவது இருக்கணும்.” பன்னிரண்டுவரை சென்னையில் வைத்திருந்தால் விமானத்திலிருந்து இறங்கியவனை ஏறக்குறைய நேராக முகாமுக்கு அனுப்பியிருப்போம். இப்போது கால்பந்து இணைப்பாட நடவடிக்கையில் பழகிய பையன்களே ஒருநாள் அவனோடு சீருடை போடுவார்கள்.

எங்கள் முடிவுக்கும் விலை உண்டு. 2024 மார்ச்சில் எட்டு முடிந்தது. 2025 ஜனவரிவரை ஒன்பது மாதம் பள்ளியே இல்லை. தேர்வு முடிவைப் பார்த்து, வயதுக்கு மூன்றில் இருக்க வேண்டியவனை இரண்டில் போட்டார்கள். ஒரு வாரம் அறையைவிட்டு வெளியே வரவில்லை. பாடம் தேர்ந்தெடுக்கும் வருடம் முழுதாகக் கையில் கிடைத்தது அந்த இறக்கத்தால்தான் என்று அவனுக்குப் புரிய ஆறு மாதம் ஆயிற்று.

நான் எதிர்பார்க்காத அடி தமிழில் விழுந்தது. சென்னையில் இரண்டாம் மொழியாகப் பிரெஞ்சு எடுக்க வைத்திருந்தோம், மதிப்பெண் வரும் என்று. இங்கே தாய்மொழிப் பாடம் கட்டாயம். சென்னையில் வளர்ந்த பிள்ளைக்குச் சிங்கப்பூர் வகுப்பில் தமிழ் எழுத வரவில்லை. எனக்கு அவமானமாகவே இருந்தது. வட இந்திய மொழிகளில் ஒன்றை எடுக்கலாம், எளிய ‘தமிழ் பி’ பாடத்திட்டமும் இருக்கிறது. அவன் தமிழ் பி எடுத்தான். தினமும் சாயங்காலம் தாத்தாவுக்கு இங்குள்ள தமிழ் முரசு நாளிதழை வாசித்துக் காட்டுகிறான். அவர் படுத்தபடியே உச்சரிப்பைத் திருத்துவார். பத்து முடித்து வந்திருந்தால் இதற்கு நேரமே இருந்திருக்காது.

பெண்பிள்ளை என்றால் தேசிய சேவை இல்லை, அவசரத்தில் பாதி குறைந்துவிடும். அந்த வீடுகளுக்கு நான் அடித்துச் சொல்ல மாட்டேன். வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு ‘ஏஇஐஎஸ்’ என்ற வேறு தேர்வு, கட்டணமும் வேறு. தொடக்கக் கல்லூரியா, பலதுறையா என்பதை நாங்களே இன்னும் தாண்டவில்லை.

மறுபடி செய்வதாக இருந்தால் ஒன்றை மட்டும் மாற்றுவேன். ஆறாம் வகுப்பிலேயே பிரெஞ்சை விட்டுத் தமிழ் எடுக்க வைத்திருப்பேன்.