லடாக்கில் மிஷனரி ஆசிரியர் பணி: அனுப்பி வைக்கும் திட்டம் எப்படி?

லடாக்கின் முக்கிய நகரமான லே அருகே ஒரு கிராமப் பள்ளிக்கு ஆசிரியர்களை அனுப்பும் மிஷன் திட்டத்தில் சேர்ந்து, ஒரு கோடைப் பருவம் நான்காம் வகுப்புக்கு ஆங்கிலமும் கணக்கும் நடத்தினேன்.

முதலில் குறை. லே சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வந்ததும் இரண்டு நாளாவது ஓய்வு வேண்டும். எங்களை மறுநாளே வகுப்புக்குப் போகச் சொன்னார்கள். நாகர்கோவிலில் வளர்ந்த உடம்பு, தலைவலியில் நிற்கவே முடியவில்லை. இதை அவர்கள் கட்டாயம் மாற்ற வேண்டும்.

பயிற்சி மிக நன்று. பிள்ளைகள் பெரும்பாலும் பௌத்தக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். வகுப்பில் மதமாற்றப் பேச்சு கூடாது, மடாலயத் திருவிழாவுக்கு விடுப்பு கேட்டால் மறுக்கக் கூடாது என்று தெளிவாகச் சொன்னார்கள். ஒரு சிறுமி, "மேம், நீங்கள் ஏன் ஜெபமாலை உருட்டுவதில்லை?" என்று கேட்டாள். கண்ணை மூடி ஜெபிப்பேன் என்றேன். சரி என்று தலையாட்டிவிட்டுப் பின்னக் கணக்கைத் தொடர்ந்தாள். அந்த இயல்புக்காகவே மறுபடி போவேன்.

ஐரோப்பாவில் தோன்றிய புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவ சபையான மொராவிய சபையின் மிஷனரிகள் லேயில் 1885-ல் பணி தொடங்கி, 1889-ல் பள்ளி திறந்தார்கள். அங்கே அவர்கள் சபை இன்றும் சிறியதுதான். பள்ளியோ எல்லா மதத்துப் பிள்ளைகளுக்கும் கற்பிக்கிறது. ஞானஸ்நான எண்ணிக்கையை எதிர்பார்ப்பவர்கள் தயவுசெய்து வர வேண்டாம்.

தங்குமிடம் சுத்தம். சாப்பாட்டில் வெண்ணெயும் உப்பும் போட்ட தேநீர், வறுத்த பார்லி மாவு; அப்புறம் பழகிவிடும். குளிர்காலத்தில் பள்ளிக்கு நீண்ட விடுமுறை என்பதால் மே மாதமே போய்ச் சேருங்கள்.